எடை கூடினால் இலக்கும் தளரும்: கார் மைலேஜ் விதிகளில் இருக்கும் ஓட்டை என்ன?

கார் ஷோரூமுக்குள் நுழையும் குடும்பம் விலைக்கு அடுத்து கேட்கும் கேள்வி, "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?" என்பதுதான். வாங்கி ஆறு மாதம் ஆனதும் அதே வீட்டில் கேட்கும் புலம்பல், "அவங்க சொன்னது ஒண்ணு, வண்டி ஓடுறது ஒண்ணு."

இந்தக் கேள்வியை அரசாங்கங்களும் கார் நிறுவனங்களிடம் ஐம்பது ஆண்டுகளாகக் கேட்டு வருகின்றன. அமெரிக்கா, ஜப்பான், ஐரோப்பா, சீனா, இந்தியா என எல்லா இடங்களிலும் எரிபொருள் சிக்கன விதிகள் இருக்கின்றன. இன்ஜின்களும் முன்பைவிட எவ்வளவோ மேம்பட்டுவிட்டன. ஆனால், சாலையில் ஓடும் கார்கள் பெருத்துக்கொண்டே போகின்றன. சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்குப்படி, 2023இல் உலகில் விற்ற கார்களில் 48 சதவீதம் எஸ்.யூ.வி.க்கள். நடுத்தர அளவுள்ள காரைவிட இவை 200 முதல் 300 கிலோ வரை எடை கூடுதலானவை.

இன்ஜின் மிச்சம் பிடித்துக் கொடுப்பதை எடை தின்றுவிடுகிறது. இதற்கு விதிகளே வழி விட்டிருக்கின்றன என்பதுதான் விஷயம்.

எப்படித் தொடங்கியது?

1973இல் அரபு நாடுகள் எண்ணெய் விற்பனைக்குத் தடை போட்டபோது, அமெரிக்க பெட்ரோல் பங்க்குகளில் கார்கள் வரிசை கட்டி நின்றன. அதன் விளைவாக, 1975 டிசம்பரில் அதிபர் ஜெரால்டு ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டத்தின் மூலம் 'கஃபே' விதி பிறந்தது. 'நிறுவன சராசரி எரிபொருள் சிக்கனம்' என்பதன் ஆங்கிலச் சுருக்கம் இது.

ஒவ்வொரு காரும் இவ்வளவு மைலேஜ் தரவேண்டும் என்று இந்த விதி சொல்லாது. ஒரு நிறுவனம் அந்த ஆண்டில் விற்கும் எல்லா கார்களின் சராசரியும் இலக்கைத் தொட வேண்டும். அதிகம் குடிக்கும் காரை விற்றால், குறைவாகக் குடிக்கும் காரையும் விற்று ஈடுகட்ட வேண்டும். 1978 மாடல்களுக்கு லிட்டருக்கு சுமார் 7.7 கி.மீ. என்று தொடங்கிய இலக்கு, 1985க்குள் 11.7 கி.மீ. என உயர்த்தப்பட்டது.

லாரி வேஷம் போட்ட கார்கள்

விவசாயிகளும் சிறு வியாபாரிகளும் பயன்படுத்தும் பிக்அப் வண்டிகளுக்கு மட்டும் தனிப் பிரிவு, தளர்வான இலக்கு என்று சலுகை தந்தார்கள். நியாயமான சலுகைதான். ஆனால் மினிவேன், எஸ்.யூ.வி. போன்ற குடும்ப வண்டிகளும் அதே 'இலகு லாரி' பிரிவுக்குள் நுழைந்தன. 1990களின் பிற்பகுதியில் கார் என்றால் 11.7 கி.மீ., இலகு லாரி என்றால் 8.8 கி.மீ. போதும் என்ற நிலை. 2000இல் வந்த பி.டி. குரூசர் பார்வைக்குச் சிறிய கார்தான். பின் இருக்கைகளைக் கழற்றினால் தட்டையான சரக்குத் தளம் கிடைக்கும் என்பதால், விதியின் கண்ணில் அது லாரி!

பின்னர் வண்டியின் சக்கரங்களுக்கு இடைப்பட்ட பரப்பளவை வைத்து இலக்கு நிர்ணயித்தார்கள். பரப்பு கூடினால் இலக்கு தளரும். ஆக, வண்டியைப் பெரிதாக்குவதே லாபம் என்றானது. 2025 ஜூலையில் அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட வரிச் சட்டம், கஃபே விதியை மீறினால் கட்டவேண்டிய அபராதத்தையே பூஜ்யமாக்கிவிட்டது.

முதல் மதிப்பெண்தான் அளவுகோல்

ஜப்பான் வேறு வழியில் போனது. 1999இல் அமலுக்கு வந்த 'டாப் ரன்னர்' திட்டத்தில், சந்தையில் ஏற்கனவே மிகச் சிறந்த மைலேஜ் தரும் காரை எடுத்துக்கொள்வார்கள். சில ஆண்டுகளுக்குள் மற்றவர்களின் சராசரியும் அந்த அளவை எட்ட வேண்டும். வகுப்பில் முதல் மாணவன் வாங்கிய மதிப்பெண்ணை அடுத்த ஆண்டு எல்லோருக்கும் இலக்காக வைப்பதுபோல. 'இது முடியாத காரியம்' என்று எந்த நிறுவனமும் வாதாட முடியாது, ஏனென்றால் ஒருவர் செய்து காட்டிவிட்டார்.

ஆனால் இங்கேயும் எடைவாரியாகத்தான் பிரிவுகள். ஒரு பிரிவின் எல்லையைத் தாண்டி சில கிலோ கூடினால் அடுத்த பிரிவின் எளிதான இலக்கு கிடைக்கும். பொருளாதார ஆய்வாளர்கள் கொய்ச்சிரோ இட்டோ, ஜேம்ஸ் சாலி இருவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஜப்பானிய கார்களில் சுமார் 10 சதவீதம் இந்த விதிக்காகவே எடை கூட்டப்பட்டவை, சராசரியாக 110 கிலோ என்று கண்டறிந்தனர். எரிபொருளை மிச்சப்படுத்த வந்த விதி வண்டியை கனமாக்கியது.

ஆய்வகத்தில் ஒன்று, சாலையில் ஒன்று

ஐரோப்பிய ஒன்றியம் மைலேஜுக்குப் பதிலாக கார் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடை அளக்கிறது. 2015க்கு கிலோமீட்டருக்கு 130 கிராம், 2021க்கு 95 கிராம் என்பது சராசரி இலக்கு. 95 கிராம் என்றால் பெட்ரோல் காருக்கு லிட்டருக்கு சுமார் 24 கி.மீ. மீறினால், கூடும் ஒவ்வொரு கிராமுக்கும், விற்ற ஒவ்வொரு காருக்கும் 95 யூரோ அபராதம்.

அபராதத்தில் பல் இருந்தது, அளவையில்தான் கோளாறு. பழைய ஆய்வகச் சோதனை நிஜப் பயணத்துக்கு வெகுதூரம். 2017 முதல் கடுமையான சோதனை முறை வந்தது. அடுத்து, புது கார்களுக்குள்ளேயே எரிபொருள் கணக்குக் கருவியைக் கட்டாயமாக்கினார்கள். சுமார் 6 லட்சம் கார்களில் இருந்து திரட்டிய தரவை ஐரோப்பிய ஆணையம் 2024இல் வெளியிட்டது. பெட்ரோல், டீசல் கார்கள் சோதனையில் காட்டியதைவிட சாலையில் சுமார் 20 சதவீதம் அதிகம் குடித்தன. சார்ஜ் போட்டும் பெட்ரோல் ஊற்றியும் ஓட்டக்கூடிய பிளக்-இன் ஹைப்ரிட் கார்களின் உமிழ்வோ அறிவித்ததைப்போல மூன்றரை மடங்கு. காரணம் எளிது: பலர் சார்ஜ் போடுவதே இல்லை.

இந்தியாவில் என்ன நிலை?

கச்சா எண்ணெய்த் தேவையில் 85 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி செய்யும் நாட்டுக்கு இது டாலர் பிரச்சினையும்கூட. இந்தியாவின் கஃபே விதி 2017இல் அமலுக்கு வந்தது. 2022இல் இரண்டாம் கட்டம் தொடங்கியது. மூன்றாம் கட்டம் 2027 ஏப்ரலில் தொடங்கும் என்பது திட்டம்.

இங்கும் இலக்கு எடையைப் பொறுத்ததே. இரண்டாம் கட்டச் சூத்திரப்படி, விற்கும் கார்களின் சராசரி எடையில் ஒரு கிலோ கூடினால், 100 கி.மீ.க்கு 0.002 லிட்டர் கூடுதலாக அனுமதி. சின்ன எண்தான், கணக்குப் போட்டால் தெரியும். சராசரி 1,000 கிலோ கார்களை விற்கும் நிறுவனம் லிட்டருக்கு சுமார் 22.3 கி.மீ. காட்ட வேண்டும். 1,500 கிலோ கார்களை விற்கும் நிறுவனத்துக்கு சுமார் 18.2 கி.மீ. போதும். எடையைக் குறைக்கப் பாடுபடும் நிறுவனத்துக்கு பரிசாகக் கிடைப்பது இன்னும் கடினமான இலக்கு.

இதுபோக, ஒரு மின்சார காரை விற்றால் சராசரிக் கணக்கில் மூன்று கார்களாக எண்ணப்படும். மின்சார கார்களை ஊக்குவிக்க இது உதவும். அதே நேரம், கூடவே பெரிய பெட்ரோல் எஸ்.யூ.வி.க்களை விற்கவும் இடம் கொடுக்கும்.

2025 செப்டம்பரில் வெளியான மூன்றாம் கட்ட வரைவு, 909 கிலோவுக்கு உட்பட்ட சிறிய பெட்ரோல் கார்களுக்குச் சலுகை தரலாம் என்றது. சிறிய கார்களை அதிகம் விற்கும் மாருதி சுசுகி ஆதரித்தது. டாடா, மஹிந்திரா எதிர்த்தன. இரு சக்கர வாகனத்திலிருந்து காருக்கு மாற நினைக்கும் குடும்பத்துக்கு விலை எட்டாமல் போய்விடும் என்கிறது ஒரு தரப்பு. எடைக்குச் சலுகை கொடுத்தால், பாதுகாப்புக்காக எடை கூடிய கார்கள் தண்டிக்கப்படும் என்கிறது மறு தரப்பு.

தீர்வு உண்டா?

பிரான்ஸ் 2022 முதல் எடைக்கே தனி வரி போடுகிறது. முதலில் 1,800 கிலோவைத் தாண்டும் கார்களுக்கு வரி விழுந்தது, 2024இல் அந்த வரம்பு 1,600 கிலோவாகக் குறைக்கப்பட்டது. பாரிஸ் நகரில் 2024 பிப்ரவரியில் நடந்த வாக்கெடுப்பில், வெளியூர் எஸ்.யூ.வி.க்களுக்கு பார்க்கிங் கட்டணத்தை மும்மடங்காக்க 54.5 சதவீதம் பேர் ஆதரவு தெரிவித்தனர். வாக்களித்தவர்கள் என்னவோ மிகக் குறைவுதான்.

மூன்றாம் கட்டத்தில் இலக்கு எத்தனை கிராம் என்பதே பெரும்பாலும் தலைப்புச் செய்தியாகும். அதைவிட முக்கியம், எடை கூடும்போது அந்த இலக்கு எவ்வளவு தளரும், சோதனை எண்ணை நிஜ சாலையில் யார் சரிபார்ப்பார்கள் என்ற இரண்டு கேள்விகள். இவற்றுக்குப் பதில் இல்லாவிட்டால் விதிப்புத்தகத்தில் மைலேஜ் ஏறும், பெட்ரோல் பில் குறையாது.