குடத்துக்குள் யார் பெயர்?

சிவில் வழக்கில் ஜூரி கேட்பது உரிமையா இல்லையா என்று அமெரிக்கச் சட்ட அறிஞர்கள் எழுதிக் குவித்திருக்கிறார்கள். அந்த ஜூரியில் யார் உட்காருவது என்ற கேள்வி மட்டும் பக்கத்தின் ஓரத்தில் நிற்கிறது, ஊருக்கு வெளியே சேரி நிற்கிற மாதிரி.

1791இல் வந்த ஏழாவது திருத்தம், இருபது டாலருக்கு மேற்பட்ட சிவில் வழக்குகளில் ஜூரி உரிமையைக் காப்பாற்றுவதாகச் சொல்கிறது. அதனால் நீதிபதியும் பேராசிரியரும் 1791க்கே திரும்பிப் போகிறார்கள். அன்றைய இங்கிலாந்தில் இது ஜூரி உள்ள மன்றத்துக்குப் போன வழக்கா, ஜூரி இல்லாத ஈக்விட்டி மன்றத்துக்குப் போன வழக்கா என்று துருவுகிறார்கள். சரி, போங்க. 1791இல் கறுப்பர் எங்கே இருந்தார்? தோட்டத்தில், அடிமையாக. ஜூரிப் பெட்டியில் இல்லை. பெண்ணும் இல்லை. காப்பாற்றப்பட்டது யாருடைய உரிமை?

உத்திரமேரூர்க் குடவோலையைச் சனநாயகம் என்று எம்.ஏ. தமிழில் மனப்பாடம் பண்ணியவன் நான். அந்தக் குடத்தில் பெயர் விழ நிலம் வேணும், வேதம் தெரிஞ்சிருக்கணும். குலுக்கலில் மோசடி இல்லாமலே இருக்கட்டும். மோசடி குலுக்குவதற்கு முன்பே முடிந்துவிட்டது.

மில்வாக்கியில் ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு வாடகை வீடு மறுக்கப்பட்டது. அவர் வழக்குப் போட்டார். ஜூரி வேண்டும் என்று கேட்டது யார் தெரியுமா? மறுத்த வெள்ளையர்கள். அவர் தரப்பு நீதிபதியே போதும் என்றது. கர்ட்டிஸ் எதிர் லோதர் என்ற அந்த வழக்கில் 1974இல் உச்ச நீதிமன்றம் ஜூரி உரிமை உண்டு என்றது. தீர்ப்பை எழுதியவர் தர்குட் மார்ஷல், அவரும் கறுப்பர். ஜூரியின் துவேஷம் பாதிக்கப்பட்டவருக்கு நீதி கிடைக்காமல் செய்யலாம் என்பதை அவர் மறைக்கவில்லை. ஆனாலும் ஏழாவது திருத்தம் அவர் கையைக் கட்டியது.

அடுத்தது லூசியானா. வேலையிடத்தில் காயம்பட்ட எட்மன்சன் என்ற கறுப்பினக் கட்டடத் தொழிலாளி ஜூரி கேட்டார். காரணம் சொல்லாமலே மூன்று பேரை விலக்கும் உரிமை எதிர்த்தரப்புக் கம்பெனிக்கு இருந்தது. அதில் இரண்டைக் கறுப்பர்களை வெளியேற்றவே பயன்படுத்தியது. மிஞ்சியது பதினோரு வெள்ளையர், ஒரு கறுப்பர். 90,000 டாலர் நட்டம் என்று ஒத்துக்கொண்ட ஜூரி, 80 சதவீதத் தப்பு உன்னுடையது என்று சொல்லி 18,000 டாலரை நீட்டியது. சிவில் வழக்கிலும் இனம் பார்த்து விலக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1991இல். 1791இலிருந்து எண்ணிப் பாருங்கள், இருநூறு ஆண்டு.

இன்றும் வேறு ஏதாவது காரணத்தைச் சொல்லி விலக்கிவிடலாம். அதனால்தான் அரிசோனா 2022 முதல் இந்த விலக்கும் உரிமையையே ஒழித்துவிட்டது.

'அப்படின்னா ஜூரியே வேண்டாம், நீதிபதி போதும்' என்று சிலர் கிளம்புவார்கள். இந்தியாவில் சிவில் வழக்கைப் பொதுவாக நீதிபதிதான் தீர்க்கிறார். 1950இல் தொடங்கிய நம் உச்ச நீதிமன்றத்தில் முதல் தலித் நீதிபதி ஏ.வரதராசன் உட்கார்ந்தது 1980இல். பன்னிரண்டு நாற்காலியோ ஒரு நாற்காலியோ, யாருக்கு என்பதுதான் கேள்வி.

சட்டம் படிக்கிற தோழர்களே, உரிமையின் வரலாற்றை எழுதும்போது உட்கார விடப்படாதவரின் கணக்கை முதல் பக்கத்தில் எழுதுங்கள்.