இடாப்பில் இருக்கிறார், வகுப்பில் இல்லை



சென்ற திங்கட்கிழமை எமதூர் பெரிய பாடசாலையின் வாயிலில் நடந்த ஆர்ப்பாட்டத்தை அநேகமாக எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நேரில் பார்க்காதவர்களுக்கு வட்ஸ்அப்பில் வந்திருக்கும். "அதிபரை மாற்று" என்று ஒரு பக்கம், "அதிபரை மாற்றாதே" என்று மறுபக்கம். இரண்டு பக்கத்துப் பதாகைகளும் ஒரே கடையில் அடித்தவை என்பது எழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இரண்டு பாடவேளைகள் பிள்ளைகள் வெயிலில் நின்றார்கள். பொலிஸ் வந்தது, முகநூல் நேரலை போனது, வலயத்திலிருந்து ஒருவர் வந்து ஏதோ எழுதிக்கொண்டு போனார்.

அதே காலையில், அங்கிருந்து பத்து நிமிட நடையில் இருக்கிற கடற்கரைப் பக்கத்துப் பாடசாலையில் தரம் 11 பிள்ளைகள் கணித பாடவேளையில் சும்மா இருந்தார்கள். அன்றைக்கு மட்டுமல்ல, இரண்டாம் தவணை தொடங்கியதிலிருந்தே அப்படித்தான். அதற்கு ஒரு பதாகையும் இல்லை. பொலிஸும் வரவில்லை.

எங்கள் வீட்டில் கணவன் மனைவி இருவரும் ஆசிரியர்கள். எங்களில் ஒருவர் அந்தக் கடற்கரைப் பாடசாலையில்தான் படிப்பிக்கிறோம். ஆகவே இது கேள்விப்பட்டு எழுதுவது அல்ல. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லி விடுகிறோம்: எங்கள் மூத்த மகன் படிப்பது பெரிய பாடசாலையில். அதைப் பற்றிக் கீழே வருகிறோம். கொமண்ட்டில் கேட்க நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கணித ஆசிரியர் இல்லை என்று வலயத்தில் போய்ச் சொன்னால் சிரிப்பார்கள். ஏனென்றால் இருக்கிறார். ஆளணிப் பட்டியலில் இருக்கிறார், சம்பளப் பட்டியலில் இருக்கிறார். ஆள் மட்டும் பெரிய பாடசாலையில் இருக்கிறார். "தற்காலிக இணைப்பு" என்று ஒரு கடிதம். தற்காலிகம் என்பது எத்தனை மாதம் என்று அந்தக் கடிதத்தில் இல்லை. இதன் விளைவு என்னவென்று பெற்றார் பலருக்குத் தெரியாது என்பதால் விளக்கமாகவே எழுதுகிறோம். ஒரு பாடசாலைக்குக் கணிதத்துக்கு ஒரு ஆசிரியர் என்று ஆளணி இருந்தால், அந்த ஒருவரின் பெயர் அங்கே பதிவில் இருக்கும்வரை வெற்றிடம் இல்லை. வெற்றிடம் இல்லையென்றால் புது நியமனத்தில் ஆள் வராது. வருடாந்த இடமாற்றத்திலும் வராது. இடமாற்றத்தில் ஆள் போனால் இடம் காலியாகும், கேட்கலாம். இணைப்பில் போனால் இடம் நிரம்பியே இருக்கும், வகுப்புத்தான் காலி. அடுத்த பக்கத்தில் பெரிய பாடசாலையிலோ ஆளணிக்கு மேலதிகமாக ஆசிரியர்கள். அங்கே சில பாடங்களுக்கு ஒரு ஆசிரியருக்கு நாளைக்கு இரண்டு பாடவேளைதான் கிடைக்கிறது.

அந்த ஆசிரியையை நாங்கள் குறை சொல்லவில்லை. கைக்குழந்தை இருக்கிறது, பெரிய பாடசாலை அவர் வீட்டுக்குப் பக்கம். கடிதம் கிடைக்கும் என்று ஒருவர் சொன்னால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? கல்வியியல் கல்லூரியில் நாங்கள் இரண்டு வருடம் தங்கிப் படித்து, மூன்றாம் வருடம் கட்டுறுப் பயிற்சியும் முடித்தோம். பாடத்திட்டம் எழுதப் படிப்பித்தார்கள், மெல்லக் கற்கும் பிள்ளையை எப்படிப் பிடிப்பது என்று படிப்பித்தார்கள். கடிதம் எடுப்பது எப்படி என்று அங்கே படிப்பிக்கவில்லை. அதை முதல் நியமனத்தில் படித்துக்கொண்டோம். எந்தக் கட்சி அலுவலகம், எந்த நாள், யாரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், எல்லாம் ஆசிரியர் ஓய்வறையில் தெரிந்துவிடும்.

எமதூரில் மரம், மயில், குதிரை என்று வீட்டுக்கு வீடு பிரிந்து நிற்பது புதிதல்ல. வாப்பா ஒன்று, மகன் ஒன்று, மருமகன் இன்னொன்று. அதை நாங்கள் பிழையென்று சொல்லவில்லை, கட்சி இருக்கட்டும். ஆனால் பாடசாலை விடயத்தில் எல்லாக் கட்சிக்காரரும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். யார் வென்றாலும் தன் ஆளைப் பெரிய பாடசாலைக்குக் கொண்டுவருவார். தோற்றவருடைய ஆள் அங்கிருந்து கிளம்புவார், அல்லது கிளம்பாமல் இருக்க இன்னொரு கடிதம் எடுப்பார். கடற்கரைப் பாடசாலைக்கு ஆள் கொண்டுவருவதற்குக் கடிதம் கொடுத்த அரசியல்வாதி ஒருவரை இதுவரை நாங்கள் காணவில்லை. இருந்தால் சொல்லுங்கள், இதே பக்கத்தில் நன்றி எழுதுகிறோம்.

"மாகாணத்தில் முறையிடுங்கள்" என்கிறார்கள். 1987 இன் 13 ஆவது திருத்தத்தின்படி தேசியப் பாடசாலைகள் தவிர்ந்தவை மாகாணத்துக்கு உரியவை, சரி. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பர் 30 இல் முடிந்துவிட்டது. அதன்பிறகு தேர்தலே இல்லை. நாம் வாக்களித்து அனுப்பிய ஒரு மாகாணக் கல்வி அமைச்சர் இல்லை. எங்கள் மகன் அப்போது பிறக்கவே இல்லை. ஆளுநரும் அதிகாரிகளும் நடத்துகிறார்கள். கேட்பதற்கு ஆள் இல்லாத இடத்தில்தான் கடிதம் வளர்கிறது.

இனி எங்கள் கதைக்கு வருவோம்.

தரம் 1 அனுமதிக்கான சுற்றுநிருபம் எல்லோருக்கும் தெரியும். விண்ணப்பம் கூடுதலாக வருகிற பாடசாலையில் வீடு அருகில் இருப்பவர்களுக்கு 50 வீதம், பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு 25, சகோதரர் படித்தால் 15, கல்வித்துறையில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்கு 5. மிச்சம் இடமாற்றம் பெற்று வந்தவர்களுக்கும் வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்களுக்கும். அருகில் இருப்பதை வாக்காளர் இடாப்பில்தான் பார்ப்பார்கள், அதுவும் ஐந்து வருடத்துக்கு. ஆகவே மகனுக்கு ஒரு வயதாகும் முன்பே எங்கள் பெயரைப் பெரிய பாடசாலைக்குப் பின்வீதியில் இருக்கிற மாமி வீட்டு விலாசத்தில் பதிந்தோம். நாங்கள் அங்கே ஒருநாளும் குடியிருக்கவில்லை. நேர்முகப் பரீட்சையில் புள்ளி கிடைத்தது. இதற்காக ஒரு தேர்தலில் எங்களுக்கு உரித்தில்லாத வட்டாரத்தில் போய் வாக்கும் போட்டோம். அந்த வட்டாரத்து ஆட்கள் எங்களை மன்னிக்க வேண்டும்.

எங்கள் வீடு கடற்கரைப் பாடசாலைக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி. காலையில் மகனை ஏற்றும் வான் அந்தப் பாடசாலை வாயிலைத் தாண்டித்தான் போகிறது. ஒருநாள் அவன் கேட்டான், "நீங்க படிப்பிக்கிற ஸ்கூல் நல்லமில்லையா?" நாங்கள் ஏதோ சொல்லிச் சமாளித்தோம். அவன் நம்பவில்லை. வகுப்பில் பிள்ளைகளைப் பார்த்து "இது நல்ல பாடசாலை, படித்தால் முன்னேறலாம்" என்று சொல்கிற வாய்தான் அது.

ஊரில் ஆசிரியர் குடும்பங்கள் எத்தனை? அவர்களில் எத்தனை பேரின் பிள்ளைகள் தாய் அல்லது தகப்பன் படிப்பிக்கும் சிறிய பாடசாலையில் படிக்கிறார்கள்? பெயர் கேட்கவில்லை. ஒவ்வொருவரும் மனதுக்குள் எண்ணிப் பாருங்கள்.

"பெறுபேறு இல்லையே" என்பதுதான் வழமையான பதில். பெறுபேறு எங்கிருந்து வருகிறது என்று யாராவது யோசித்தோமா? தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் சிறிய பாடசாலைப் பிள்ளை ஒன்று வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்தால், தரம் 6 க்கு அந்தப் பிள்ளை பெரிய பாடசாலைக்குப் போய்விடும். ஐந்து வருடம் எழுத்துப் படிப்பித்தது இங்கே. ஆறு வருடம் கழித்து 9ஏ பதாகை கட்டுவது அங்கே. கெட்டிக்காரப் பிள்ளைகளையும், டியூஷனுக்குக் காசு இருக்கிற பெற்றாரையும், மேலதிக ஆசிரியர்களையும் ஒரு மதிலுக்குள் சேர்த்துவிட்டு, வெளியே மிஞ்சியதைப் பார்த்து "பெறுபேறு இல்லை" என்பது என்ன நியாயம்? பெரிய பாடசாலையில் பின்வாங்கில் இருந்து தரம் 4 வரைக்கும் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கும் யாரும் பதாகை கட்டுவதில்லை. அப்படிப் பிள்ளைகள் அங்கேயும் இருக்கிறார்கள், எங்களுக்குத் தெரியும்.

(புலமைப்பரிசில் வகுப்புக்காக ஓதப் போகும் நேரத்தையும் டியூஷன்காரர்கள் எடுத்துக்கொண்டது இன்னொரு கதை. மக்தப் உஸ்தாத்மார் அதை எழுதட்டும்.)

கடற்கரைப் பாடசாலையின் கட்டிடத்துக்குக் குறையில்லை. 2004 டிசம்பர் 26 இல் கடல் பழையதைக் கொண்டுபோனபிறகு வெளிநாட்டு உதவியில் மாடிக் கட்டிடம் கட்டித் தந்தார்கள். திறப்பு விழாவுக்கு ஊரே வந்தது. பெயர்க்கல் இன்னும் பளபளப்பாக இருக்கிறது. மேல் மாடியில் இரண்டு வகுப்பறைகளில் உடைந்த கதிரைகளை அடுக்கி வைத்திருக்கிறோம், இருக்கப் பிள்ளைகள் இல்லாததால். இப்படியே போனால் பிள்ளைத் தொகை குறைவு என்று ஒருநாள் மூடிவிடுவார்கள். அன்றைக்கு "எமது சமூகத்தின் சொத்தைப் பறிக்கிறார்கள்" என்று முதலில் கத்தப்போவதும் நாம்தான்.

மிச்சமிருக்கிற பிள்ளைகள் யார்? கரைவலை இழுக்கிறவர்களின் பிள்ளைகள். சவூதிக்கும் கட்டாருக்கும் உம்மாவை அனுப்பிவிட்டு மூத்தும்மாவிடம் வளர்கிற பிள்ளைகள். சென்ற மாதம் ஒரு வாப்பா வாயிலடியில் நின்று கேட்டார்: "சேர், மகளுக்குக் கணக்குப் படிப்பிக்க ஆள் இல்லையாமே. டியூஷனுக்கு விட்டா மாசம் எவ்வளவு சேர் வரும்?" கோபமாகக் கேட்கவில்லை. அரசாங்கப் பாடசாலையில் கணித ஆசிரியர் இருக்க வேண்டியது தன் மகளின் உரிமை என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தன் பங்குக்குக் காசு தேட வேண்டும் என்றுதான் தோன்றியது. 1945 இல் கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டுவந்தது இப்படி ஒரு வாப்பாவுக்காகத்தான். நாம் அதன் பயனை முழுதாக எடுத்துவிட்டு அவருக்கு டியூஷன் விலாசம் கொடுக்கிறோம்.

பரிசளிப்பு விழா என்றால் சித்தி லெப்பையின் பெயர் இல்லாமல் எமதூரில் ஒரு உரையும் முடியாது. 1892 இல் மருதானையில் அவர் தொடங்கிய மத்ரஸாதான் பிறகு ஸாஹிரா ஆனது. பேசுகிறவர்கள் அதோடு நிறுத்திவிடுவார்கள். தொடங்கியபோது அதுவும் சிறிய பாடசாலைதான், அதில் தங்கள் பிள்ளையைச் சேர்க்க முதலில் சில பேர் துணிந்திருக்க வேண்டும் என்பதை யாரும் சொல்வதில்லை.

பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையில் இருக்கிற பெரியவர்களிடமும் ஒன்று கேட்கிறோம். பெரிய பாடசாலையின் அதிபர் எந்த ஜமாஅத் என்று விசாரிக்க மூன்று கூட்டம் வைத்தீர்கள். கடற்கரைப் பாடசாலைக்காக ஒரு கூட்டம் வையுங்கள். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் போதும்.

இதை எழுதியதற்கு எங்களுக்கு இடமாற்றம் வரலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். தாபன விதிக்கோவையைக் காட்டுவார்களாம். காட்டட்டும். இணைப்புக் கடிதம் எந்த விதிக்கோவையில் இருக்கிறது என்று நாங்களும் கேட்போம்.

கேட்பதற்கு வழி இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரசையும் வலய அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தரிடம் எழுத்தில் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். எங்கள் கேள்வி இரண்டே இரண்டு: எமதூர்ப் பாடசாலைகளில் தற்காலிக இணைப்பில் வேறு பாடசாலையில் கடமையாற்றும் ஆசிரியர்கள் எத்தனை பேர், எந்தப் பாடங்களுக்கு? ஒவ்வொரு இணைப்பும் எந்தத் திகதியில் முடிகிறது? பெயர் கேட்கவில்லை, யாரையும் அவமானப்படுத்த வேண்டியதில்லை. படிவத்தை நிரப்பி வைத்திருக்கிறோம். ஆசிரியர் பெயரில் போவதைவிடத் தரம் 11 பெற்றாரின் பெயரில் போவது நல்லது. அந்த வாப்பா கையொப்பம் வைக்க ஒத்துக்கொண்டிருக்கிறார். இன்னும் மூன்று பேர் வேண்டும்.

மகளுக்கு வருகிற வருடம் தரம் 1. அண்ணன் படிப்பதால் பெரிய பாடசாலையில் இலகுவாகக் கிடைக்கும், 15 வீதத்துக்குள் வந்துவிடும். நேற்றுக் காலை அவளுடைய விண்ணப்பத்தைக் கடற்கரைப் பாடசாலையில் கொடுத்தோம், எங்கள் சொந்த விலாசத்தைப் போட்டு. அலுவலகத்தில் இருந்தவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "பிழையா இங்க கொண்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டார். மாமி இன்னும் எங்களோடு பேசவில்லை.

படிவத்தில் கையொப்பம் வைக்க விரும்புகிறவர்கள் இன்பொக்ஸில் வாருங்கள்.