இலக்குக் காவலரின் கண்

கோல் அடித்தவரின் பெயர் மறுநாள் நாளிதழில் கொட்டை எழுத்தில் வரும். தடுத்தவரின் பெயரை உள்ளே தேட வேண்டும். நம் தின்கன்ஜூன் பிள்ளைகள் பந்தாடும்போதும், ஓடத் தயங்கும் சிறுவனையே கம்பங்களுக்கிடையே நிறுத்துகின்றனர். இவ்வழக்கம் முறையன்று என்பதே என் கருத்து.

ஹாக்கி ஆட்டத்தில் இந்தியாவின் இலக்கைக் காத்த கேரளத்து வீரர் பி. ஆர். ஸ்ரீஜேஷை எண்ணிப் பாருங்கள். 2024 ஆகஸ்ட் 4 அன்று பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில் பிரிட்டனை எதிர்த்து, ஆட்டத்தின் பெரும்பகுதியை இந்தியா பத்துப் பேருடனேயே ஆடியது. 1-1 எனச் சமநிலை. வெற்றியை முடிவு செய்ய, அடிப்பவர் 23 மீட்டர்க் கோட்டிலிருந்து பந்தைக் கொணர்ந்து 8 நொடிக்குள் கோலாக்க வேண்டும். எதிரே காவலர் ஒருவரே. அவர் முன்னேறி வந்து கோணத்தைக் குறுக்குகிறார். பந்தோடு மட்டையின் சாய்வையும் தோளின் திருப்பத்தையும் படிக்கிறார். முந்திக்கொண்டு விழுந்துவிடாமல் பொறுத்திருக்கிறார். கழியும் ஒவ்வொரு நொடியும் அவருக்கே துணை.

பிரிட்டன் வீரர் ஒருவர் பந்தை வெளியே அடித்தார். மற்றொருவரை ஸ்ரீஜேஷ் தடுத்தார். இந்தியா 4-2 என வென்றது. வெளியே போன பந்தை எவரும் காவலரின் கணக்கில் எழுதுவதில்லை. அடிப்பவரின் கண்ணுக்கு இடைவெளியைச் சுருக்கிக் காட்டியவர் யாராம்?

ஆகஸ்ட் 8 அன்று ஸ்பெயினை 2-1 என வென்று வெண்கலத்தோடு அவர் ஓய்வு பெற்றார். அவர் அணிந்த 16ஆம் எண்ணை முதுநிலை அணியில் வேறெவருக்கும் வழங்குவதில்லை என ஹாக்கி இந்தியா அறிவித்தது.

நம் பள்ளி விளையாட்டு விழாவிலும் கோல் காத்த பிள்ளைக்கென ஒரு பரிசு வைக்குமாறு ஆசிரியப் பெருமக்களை வேண்டுகிறேன்.