பாறையில் அவரவர் இடம்



திமிங்கிலம், கடலாமை, பவளப்பாறை பற்றியெல்லாம் ஆர்வத்தோடு படிக்கும் உங்களிடம், இந்த மாதம் இரண்டு மூன்று விரல் அகலமே உள்ள ஓர் உயிரைப் பற்றிப் பேச விரும்புகிறேன். லிம்பெட் என்று பெயர். நத்தை இனம்தான். ஆனால் ஓடு சுருண்டிருக்காது. சிறு கூம்பாகப் பாறையோடு பாறையாக ஒட்டியிருக்கும். இந்தியாவின் பாறைக் கரைகளிலும் இதன் உறவினங்கள் உண்டு. என்றாலும் இதைத் தலைமுறை தலைமுறையாக உற்றுக் கவனித்தவர்கள் பிரிட்டன் கடலோர ஆய்வாளர்கள். அவர்கள் கண்டதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அங்கே கடல் நாளுக்கு இரண்டு முறை ஏறி, இரண்டு முறை வற்றுகிறது. நீர் வற்றிய நேரத்தில் பார்த்தால் லிம்பெட்டுகள் கைக்கு வந்தபடி இறைத்துவிட்டவை போலத்தான் தெரியும். சற்று நின்று கவனித்தால் ஒழுங்கு புலப்படும். பட்டெல்லா வல்காட்டா என்ற இனம் மேல்கரை முதல் கீழ்க்கரை வரை பரவியிருக்கிறது. பட்டெல்லா டிப்ரெஸ்ஸா, அலை அடிக்கும் நடுக்கரையை விரும்புகிறது. பட்டெல்லா யுலிசிப்போனென்சிஸ் கீழ்க்கரையிலும் பாறைக் குட்டைகளிலும்தான் அதிகம். மேலே போகப்போக வெயிலும் வறட்சியும் தடுக்கின்றன. கீழே அடர்ந்த கடற்பாசியும், இடத்துக்கும் உணவுக்குமான போட்டியும், நண்டும் நட்சத்திர மீனும் நெருக்குகின்றன. இவற்றுக்கு நடுவில் பிழைக்க முடிகிற அளவே ஒவ்வோர் இனத்துக்கும் வாய்த்த இடம்.

அலையின் வேகமும் இடத்தைத் தீர்மானிக்கிறது. திறந்த கடலைப் பார்த்த பாறைகளில் லிம்பெட்டுகளும் கொட்டலசுகளும் (பார்னக்கிள்) நிறைந்திருக்கும். அலை அடங்கிய குடாக்களில் பழுப்புப் பாசி போர்த்திக்கிடக்கும். அங்கே லிம்பெட்டுகள் குறைவு. ஒரே இனத்துக்குள்ளேயே உருவமும் மாறுகிறது. மேல்கரையில் வாழ்வதற்கு ஓடு உயரமாக இருக்கும், கீழ்க்கரையில் வாழ்வதற்குத் தட்டையாக இருக்கும். நீரில்லாத நேரமெல்லாம் ஓட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வளர்வதால் இந்த உயரம் வருகிறது என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் விளக்கம். குஞ்சுகள் முதலில் ஈரமான வெடிப்புகளிலும் குட்டைகளிலும் ஒதுங்குகின்றன. வளர்ந்து, வறட்சியைத் தாங்கும் பலம் வந்த பிறகே திறந்த பாறைக்கு வருகின்றன.

வளர்ந்த லிம்பெட்டுக்குப் பாறையில் சொந்த இடம் ஒன்று உண்டு. பாத்திரத்துக்கு அளவெடுத்துச் செய்த மூடி போல, ஓட்டின் விளிம்பு அந்த இடத்தின் மேடுபள்ளத்தோடு அப்படியே பொருந்தும். உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாது. மேயப் போனாலும் பெரும்பாலும் அதே இடத்துக்குத் திரும்பிவிடுகிறது. அது மேய்வது பாறைமேல் படியும் மெல்லிய பாசிப் படலத்தையும், அப்போதுதான் முளைக்கும் பாசிக் கன்றுகளையும். அதன் நாக்குப் பட்டையில் உள்ள நுண்பற்கள் கோதைட் என்ற இரும்புக் கனிமத்தால் வலுப்பெற்றவை. போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆசா பார்பர் குழுவினர் 2015இல் அவற்றைச் சோதித்து, சிலந்தி நூலைவிட உறுதியானவை என்று அறிவித்தார்கள்.

பாறையில் லிம்பெட்டுகள் இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஐல் ஆஃப் மேன் தீவின் போர்ட் செயின்ட் மேரி கரையில் ஆய்வாளர் என். எஸ். ஜோன்ஸ் 1946இல் இதைச் செய்தே பார்த்தார். 10 மீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டையில் இருந்த லிம்பெட்டுகளை எல்லாம் அகற்றினார். வெறும் பாறையாக இருந்த இடம் முதலில் பச்சையானது. பின்பு பழுப்புப் பாசி காடாக மண்டியது. லிம்பெட்டுகள் மெல்ல மெல்லத் திரும்பி வந்த பிறகே பாறை பழைய நிலையை அடைந்தது.

அடுத்து நடந்தது சோதனை அல்ல, பெரும் விபத்து. 1967 மார்ச் 18 அன்று டோரி கேன்யன் என்ற எண்ணெய்க் கப்பல் இங்கிலாந்தின் கார்ன்வால் அருகே பாறைத்திட்டில் மோதியது. ஒரு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கச்சா எண்ணெய் அதில் இருந்தது. கரையில் ஒதுங்கிய எண்ணெயைக் கரைக்க ஏறத்தாழ 10,000 டன் ரசாயனம் தெளித்தார்கள். எண்ணெயைவிட அந்த ரசாயனமே கரையுயிர்களை அதிகம் கொன்றது. லிம்பெட்டுகள் கொத்துக் கொத்தாக மடிந்தன. பாறைகளில் பச்சைப் பாசி படர்ந்தது, அதன்மேல் பழுப்புப் பாசி அடர்ந்தது, கொட்டலசுகள் அதன் அடியில் அழிந்தன. பாசியின் ஈர நிழலில் இளம் லிம்பெட்டுகள் அளவுக்கு மீறிப் பெருகின. பாசியை மேய்ந்து தீர்த்த பிறகு உணவின்றிக் கூட்டம் கூட்டமாக நகர்ந்து பலியாயின. கரை நிலைக்கு வர 10 முதல் 15 ஆண்டுகள் பிடித்தன. கடல்நாய்களுக்குத் தீங்கு வருமே என்று ரசாயனம் தெளிக்காமல் விட்ட காட்ரெவி கரையோ இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே தேறிவிட்டது.

இந்த ஒப்பீட்டை நாம் மறக்கவே கூடாது. கறையை உடனே போக்கிவிட வேண்டும் என்ற நல்லெண்ணம்தான் அங்கே பெருங்கேடு செய்தது. கரையில் யார் வாழ்கிறார்கள், எந்த இடத்தில் வாழ்கிறார்கள், என்ன வேலை செய்கிறார்கள் என்று தெரியாமல் செய்யும் சுத்தம் சுத்தமே ஆகாது. அதைத் தெரிந்துகொள்ள பெரிய கருவிகள் தேவையில்லை. ஒரு சதுரச் சட்டத்தைப் பாறைமேல் வைத்து, அதற்குள் இருப்பவற்றை ஆண்டுக்கணக்கில் எண்ணி எழுதிவைத்தவர்களால்தான் டோரி கேன்யனின் முழுப் பாதிப்பும் உலகுக்குத் தெரியவந்தது. நம் கரைகளுக்கும் அப்படி எண்ணி எழுதுகிறவர்கள் வேண்டும். பள்ளி, கல்லூரி ஆசிரியர்கள் மாணவர்களோடு இதைத் தொடங்கலாம்.

பாறைக் கரைக்குப் போகும்போது நீர் வற்றும் நேரம் பார்த்துப் போங்கள். குழந்தைகளை அழைத்துச் சென்று மேலிருந்து கீழாக ஒவ்வோர் உயிரின் எல்லையையும் காட்டுங்கள். ஒட்டியிருப்பதைப் பெயர்க்காதீர்கள், புரட்டிய கல்லைப் பழையபடி வையுங்கள். நீங்கள் கண்டதை எங்களுக்கு எழுதுங்கள். உங்கள் கடிதங்களுக்காகக் காத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்