இதையுமா மனப்பாடம் செய்வது?
பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸில் வரும் பைத்தான் புரோகிராம்களை என் மகள் வரி மாறாமல் மனப்பாடம் செய்கிறாள். பள்ளியிலேயே அப்படித்தான் சொல்கிறார்களாம்! 'இஃப்' என்பது 'பால் பொங்கினால் அடுப்பை அணை, இல்லாவிட்டால் காத்திரு' என்று நாம் சொல்வதுதானே?

இதிலே வரிசைதான் சூட்சுமம். '35 அல்லது அதற்கு மேல் என்றால் பாஸ்' என்று முதலில் கேட்டுவிட்டு, 'எலிஃப்' போட்டு '60 அல்லது அதற்கு மேல் என்றால் முதல் வகுப்பு' என்று எழுதினால், 90 வாங்கியவளுக்கும் வெறும் பாஸ்தான் வரும். முதல் நிபந்தனை பொருந்தியதுமே கம்ப்யூட்டர் அடுத்ததைப் பார்க்காது. தப்பு என்றும் சொல்லாது. 60-ஐ முதலில் கேட்கணும். மனப்பாடம் செய்கிற பிள்ளைக்கு இது எப்படித் தெரியும்? ஆசிரியைகளே, வரிசையை மாற்றி எழுதிப் போட்டு, '90 கொடுத்தால் என்ன வரும்?' என்று வகுப்பில் கேளுங்களேன்.

- ஓர் இல்லத்தரசி, மதுரை.