படகுகளைப் பறித்த போர்

2025 ஜூன் 12 அன்று ஐ.நா. பொதுப்பேரவையில் காசா போர்நிறுத்தத் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. 149 நாடுகள் ஆதரித்தன. 12 நாடுகள் எதிர்த்தன. 19 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. ஒதுங்கியவற்றுள் இந்தியாவும் ஒன்று. பொதுமக்களைப் பட்டினியிடுவதை ஒரு போர்முறையாகக் கையாளுவதைக் கண்டிக்கும் வாசகம் அத்தீர்மானத்தில் இருந்தது. அதுபற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்க அமர்ந்த எனக்கு, அந்த ஒரு வாசகத்தைக் கடந்து செல்ல வெகுநேரம் ஆயிற்று. சொல் கிடைக்காத தடுமாற்றம் அன்று அது. போர்க்காலப் பட்டினியில் ஏறத்தாழ 30 லட்சம் பேரைப் பறிகொடுத்த ஒரு நாட்டின் அரசு, அந்த வாசகத்தின்மீது கருத்துச் சொல்ல விரும்பவில்லை என்பதைத் தமிழில் எழுதக் கை வரவில்லை.

1943ஆம் ஆண்டின் வங்கத்தைச் சொல்கிறேன். அதைப் பஞ்சம் என்றே நம் பாடநூல்கள் குறிப்பிடுகின்றன. தாது வருடப் பஞ்சத்தின் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்குப் பஞ்சம் என்றதும் பொய்த்த மழையும் வெடித்த நிலமும் கண்முன் வரும். வங்கத்தில் நடந்தது அதுவன்று. 1942 அக்டோபரில் மிதினாப்பூரைத் தாக்கிய புயலும் பயிர்நோயும் விளைச்சலைக் குறைத்தன என்பது உண்மை. ஆயினும் அந்த ஆண்டின் உணவு இருப்பு, பெருஞ்சாவு நிகழாத 1941ஆம் ஆண்டைவிடக் குறைவானதன்று என அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட தம் நூலில் வாதிட்டார். அரிசி இருந்தது, அதை வாங்கும் ஆற்றல் உழைப்பவர் கையில் இல்லை. அந்த ஆற்றலை அவர்களிடமிருந்து பறித்தது போர்.

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. தமிழ்க் கூலிகளின் உழைப்பும் செட்டியார் முதலும் சேர்ந்து பெருக்கிய பர்மிய அரிசியின் வரவு அத்துடன் நின்றது. எதிரி வங்கக் கடலோரத்தில் இறங்கக்கூடும் என அஞ்சிய பிரிட்டிஷ் அரசு, அவன் கைக்கு எதுவும் கிட்டாதபடி ‘மறுப்புக் கொள்கை’ ஒன்றை வகுத்தது. மிதினாப்பூர், பாக்கர்கஞ்ச், குல்னா மாவட்டங்களில் உபரி என்று கருதப்பட்ட நெல்லும் அரிசியும் அப்புறப்படுத்தப்பட்டன. பத்துப் பேருக்கு மேல் ஏறக்கூடிய படகுகள் கைப்பற்றப்பட்டன, அல்லது உடைக்கப்பட்டன. பதிவாகியிருந்த 66,000க்கும் மேற்பட்ட படகுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இவ்வாறு மறைந்தது.

ஆறுகளும் கால்வாய்களுமே சாலைகளான நாட்டில் படகு என்றால் என்ன என்பதைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். மீனவர் வலை வீசுவது அதிலிருந்து. உழவர் கழிமுகத் தீவின் வயலுக்குப் போவது அதில். குயவர் தம் பானைகளைச் சந்தைக்குக் கொண்டுசெல்வதும் அதில்தான். ஜப்பானியர் வரவே இல்லை. வந்திருந்தால் அவர்களுக்கு மறுக்கப்பட்டிருக்கும் படகுகள், வங்காளிகளுக்கு மறுக்கப்பட்டன. பஞ்சத்தில் மிகக் கூடுதலாக நொறுங்கிப்போன பிரிவினர் யார் என்று பிற்கால ஆய்வுகள் தேடியபோது கிடைத்த விடை: மீனவர், போக்குவரத்துத் தொழிலாளர், நிலமற்ற விவசாயக் கூலிகள்.

பகைவர் நாட்டின் விளைவயலை எரியூட்டுவதற்குப் புறத்திணையில் ஒரு துறையே உண்டு; உழபுல வஞ்சி என்பது அதன் பெயர். மாணவப் பருவத்தில் தேர்வுக்காக அதை மனனம் செய்தவன் நான். தன் குடிகளின் வயிற்றில் தானே எரி வைக்கும் வேந்தனுக்கு இலக்கண நூலார் எவரும் துறை வகுத்ததாக நினைவில்லை.

விலைவாசிக்கு வருவோம். 1942 டிசம்பரில் கல்கத்தாவில் ஒரு மணங்கு (சுமார் 37 கிலோ) அரிசி 13, 14 ரூபாய். 1943 மே மாதத்தில் அது 30 ரூபாயைத் தாண்டிற்று. போர்ச்செலவுக்காக அச்சடித்துத் தள்ளிய பணம் ஒருபுறம், பதுக்கல் வணிகம் மறுபுறம். போர்த் தொழிற்சாலைகள், துறைமுகம், ரயில்வே, அரசு அலுவலகங்கள் ஆகியவற்றின் ஊழியர்க்கு மலிவு விலையில் அரிசி ஒதுக்கப்பட்டது. கல்கத்தாவைப் பாதுகாத்த அந்த ஏற்பாட்டின் விலையைக் கிராமங்கள் கொடுத்தன. கூலி உயராத கிராமத்தார் நகரத்துக்கு நடந்து வந்தனர். சோறு கேட்டால் கிடைக்காது என்பதறிந்து வீட்டு வாசல்களில் வடிகஞ்சி கேட்டனர்.

மறுப்பு என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டல்லவா? அதையும் அரசு நிறைவேற்றியது. பஞ்ச விதித்தொகுப்பின்படி பஞ்சம் கடைசிவரை அறிவிக்கப்படவில்லை. அறிவித்திருந்தால் நிவாரணம் கடமையாகியிருக்கும். தெருவில் கிடந்தவர்களுக்கு ஆவணங்களில் ‘ஆதரவற்றோர்’ என்று பெயர் சூட்டி, அவர்களை நகரைவிட்டு அகற்ற அவசரச் சட்டம் கொண்டுவந்தனர். ஆதரவற்றவர்களாக அவர்கள் பிறக்கவில்லை. தானியக் கப்பல்கள் கேட்டு வைஸ்ராயும் இந்தியாவுக்கான அமைச்சர் ஆமெரியும் மீண்டும் மீண்டும் மன்றாடியபோதும், சர்ச்சிலின் போர்க்கால அமைச்சரவை கேட்டதில் சிறு பகுதியையே அனுமதித்தது. 1943 ஆகஸ்ட் 22 அன்று ‘ஸ்டேட்ஸ்மன்’ ஏட்டின் ஆசிரியர் இயான் ஸ்டீபன்ஸ் தெருப்பிணங்களின் புகைப்படங்களை வெளியிட்ட பின்னரே உலகம் திரும்பிப் பார்த்தது.

நம் தோழர்கள் அந்நாளில் செய்தவை சிறியன அல்ல. மக்கள் நிவாரணக் குழு கஞ்சித்தொட்டிகள் நடத்திற்று. மகளிர் தற்காப்புச் சங்கத்தின் அழைப்பில் 1943 மார்ச்சில் ஆயிரக்கணக்கான பெண்கள் அரிசி கேட்டுச் சட்டமன்றத்தை நோக்கி நடந்தனர். சித்தபிரசாத்தின் கோட்டோவியங்களும் சுனில் ஜானாவின் புகைப்படங்களும் கட்சி ஏட்டின் வழியே நாடெங்கும் சென்றன. மிதினாப்பூரைப் பற்றிச் சித்தபிரசாத் வெளியிட்ட ‘பசித்த வங்கம்’ நூலின் படிகளை அரசு பறிமுதல் செய்து அழித்தது. எனினும் ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பாசிசத்துக்கு எதிரான போரை மக்கள் யுத்தம் எனக் கண்ட அக்காலத்தில், பதுக்கல்காரன்மீது காட்டிய சீற்றத்தை, கப்பலை மறுத்த லண்டன் அமைச்சரவைமீதும் அதே அளவில் காட்டினோமா? பாசிசத்தை வீழ்த்தியாக வேண்டும் என்ற நிலைப்பாடு சரியானது; இன்றும் அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சரியான போருக்கும் யாரோ ஒருவர் வீட்டு அடுப்பு அணைகிறது. அந்தக் கணக்கை எழுதிவைக்கும் கடமை, போரை ஆதரித்தவர்களுக்கே முதலில் உண்டு.

சோவியத் மக்கள் அந்தக் கணக்கை எழுதினர். 872 நாள் நாஜி முற்றுகையில் லெனின்கிராடின் பொதுமக்கள் லட்சக்கணக்கில் பசியால் மாண்டனர். பிஸ்கரியோவ்ஸ்கோயே மயானத்தின் பெருங்குழிகளில் பெயர்கள் இல்லை; கல்லில் ஆண்டு மட்டுமே பொறிக்கப்பட்டிருக்கிறது. குடிமக்கள் கிடக்கும் குழிக்கு அரிவாள் சுத்தியல். படைவீரர் கிடக்கும் குழிக்கு விண்மீன். இருசாராரும் ஒரே போரின் சாவுகள் என்பதில் அங்கு எவருக்கும் குழப்பமில்லை.

நம் நாட்டில் கொஹிமாவின் போர்க்கல்லறையில் 1,420 பேர் அடக்கமாகியுள்ளனர். எரியூட்டப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களுக்குத் தனி நினைவுச்சின்னம் உண்டு. அவர்களுக்கு அது கிடைத்தது முறையே. இரண்டாம் உலகப் போரில் உயிர்நீத்த இந்திய வீரர்கள் ஏறத்தாழ 87,000 பேர் என நூல்கள் சொல்கின்றன. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வங்கத்தின் எண் வருவதில்லை. உட்ஹெட் ஆணையம் 1945இல் சொன்ன 15 லட்சத்தைக் கொண்டாலும் சரி, பின்னர் பரவலாக ஏற்கப்பட்ட 30 லட்சத்தைக் கொண்டாலும் சரி, அது போர்ச்சாவுக் கணக்கில் சேர்வதில்லை. வேளாண்மை வரலாற்றில் ஓர் அத்தியாயமாக ஒதுக்கப்படுகிறது. பசி தணிந்த பின்னும் மலேரியாவும் காலராவும் பெரியம்மையும் கொன்றுகொண்டே இருந்தன. அரைப்படி அரிசிக்காக நிலத்தை எழுதிக் கொடுத்தவர்கள் குத்தகைக்காரர்களாக அதே நிலத்தில் இறங்கினர். விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு கேட்டு 1946இல் எழுந்த தேபாகா போராட்டத்தில் அப்பசியின் நினைவு உயிரோடிருந்தது. போர் முடிந்து ஓராண்டு ஆகியிருந்தது என்பார்கள். யாருக்கு முடிந்தது?

காசா நகரப் பகுதியில் பஞ்சம் நிலவுவதாக ஐ.நா. ஆதரவு பெற்ற உணவுப் பாதுகாப்பு வல்லுநர் குழு உறுதிசெய்த நாளும், தற்செயலாக, ஓர் ஆகஸ்ட் 22தான்: 2025. அங்கேயும் எல்லைக்கு வெளியே லாரிகளில் உணவு இருந்தது. அங்கேயும் மீனவர்கள் கடலுக்குள் செல்ல முடியவில்லை. அங்கேயும் பஞ்சம் என்பதே இல்லை என்று முற்றுகையிட்டவர்கள் மறுத்தார்கள்.

புதுதில்லியின் நிலை வேறாக இருந்திருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பதற்கு வெளியுறவுத் தந்திரம் ஏதும் காரணமன்று. மிதினாப்பூரும் குல்னாவும்தான் காரணம். வங்கத்தில் மாண்டவர்களைப் போரில் மாண்டவர்களாக இந்தியக் குடியரசு ஏற்கவேண்டும். பாடநூலில் அவர்களை இரண்டாம் உலகப் போரின் பாடத்துக்குள் கொண்டுவரவேண்டும். கல்கத்தாவிலேனும் ஒரு கல் நடவேண்டும். பெயர்கள் கிடைக்கமாட்டா. ஆண்டு இருக்கிறது, மாவட்டங்களின் பெயர் இருக்கிறது. மகலனோபிசின் புள்ளியியல் கழகம் 1944-45இல் கிராமம் கிராமமாக எடுத்த கணக்கும் இருக்கிறது.

அன்றைய மொழிபெயர்ப்பில் ‘ஒதுங்கியது’ என்றே எழுதி அனுப்பினேன். ‘நடுநிலை வகித்தது’ என்பதே செய்தித்தாள் வழக்கு என்று பிழைதிருத்தும் தோழர் சுட்டிக்காட்டினார். மாற்றவில்லை.