உறையும் குழாயும் அடைபடும் குழாயும்

கனடாவிலோ நோர்வேயிலோ இருக்கும் உறவினர்களுடன் குளிர்காலத்தில் பேசிப் பாருங்கள். வீட்டுத் தண்ணீர்க் குழாயைப் பற்றிய கவலையும் பேச்சில் வரும். வெளிச்சுவரை ஒட்டிய குழாய்க்கு ஸ்பொன்ச் உறை போடுவார்கள். தோட்டத்துக் குழாயின் வால்வை உள்ளே மூடி, எஞ்சிய தண்ணீரை வடித்து விடுவார்கள். கடுங்குளிர் இரவுகளில் டெப்பைச் சொட்டுச் சொட்டாக ஒழுக விடுவார்கள். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 வீதம் பருக்கும். பனிக்கட்டிக்கும் மூடிய டெப்புக்கும் இடையே சிக்கிய தண்ணீரின் அழுத்தம் குழாயை வெடிக்கச் செய்யும். சொட்ட விட்டால் அந்த அழுத்தம் தணியும்.

2021 பெப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கடும் பனி கொட்டி, மின்சாரமும் தடைப்பட்டது. வெப்பமான மாநிலம் என்பதால் பல வீடுகள் அத்தகைய குளிருக்கு ஏற்றவாறு அமைந்திருக்கவில்லை. ஏராளமான வீடுகளில் குழாய்கள் வெடித்தன. குழாயின் தரம் மட்டும் போதாது, அது எந்தச் சூழலைத் தாங்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும் என்பதே அதன் பாடம்.

யாழ்ப்பாணத்தில் மார்கழி, தையிலும் குழாய் உறைவதில்லை. அதனால் நமக்குப் பிரச்சினையே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். இங்கே குழாயை அடைப்பது சுண்ணாம்பு. வற்றாத ஆறு இல்லாத இந்தக் குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் அமைந்தது. அந்தக் கல்லில் ஊறிய மழைநீரே கிணற்றில் ஊறுகிறது. அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, சூடேறும்போது பிரிந்து படிகிறது. கேத்தலின் அடியில் காணும் வெள்ளைப் படிவு இதுதான். வோட்டர் ஹீட்டரின் கொயிலில் அது தடித்தால் வெப்பம் தண்ணீருக்குச் செல்லாது. மின்கட்டணம் ஏறும், கொயிலும் எரியும். ஷவரின் துளைகளும் வால்வுகளும் மெல்ல மெல்ல அடைபடும்.

இதை வாடிக்கையாளருக்கு யார் சொல்வது? வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் பேசி ஊரில் வீடு கட்டுவிப்பவர், அங்கே பார்த்த பொருளையே இங்கும் கேட்கிறார். கேட்டதைக் கொடுத்துப் பணத்தை வாங்குவது இலகு. “பழுதானால் மறுபடியும் நம்மிடம்தானே வருவார்” என்று நினைப்பவர்களும் உண்டு. என்னைக் கேட்டால், அவர் அடுத்த கடைக்குத்தான் போவார்.

சொல்லி விற்க வேண்டியவை கடினமானவை அல்ல. ஹீட்டரின் சூட்டைத் தேவைக்கு மேல் கூட்டக் கூடாது. கழற்றித் துப்புரவு செய்ய வசதியாக இருபுறமும் வால்வும் யூனியனும் போட வேண்டும். ஷவர் தலையை அவ்வப்போது வினாகிரியில் ஊறவைக்கலாம். கூரை மேல் வெயில் படும் பீ.வீ.சீ. குழாய் நாளடைவில் நொறுங்கும், அதற்கு வர்ணம் பூச வேண்டும். தண்ணீரை மென்மையாக்கும் சாதாரணக் கருவி சுண்ணாம்பைக் குறைக்கும், நைத்திரேற்றை அகற்றாது. கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது. குடாநாட்டின் பல கிணறுகளில் நைத்திரேற்று அதிகம், அது கைக்குழந்தைகளுக்கு ஆபத்தானது. அந்தக் கருவியைக் “குடிநீர் சுத்திகரிப்பு” என்று சொல்லி விற்பது பெரும் தவறு. பொருளின் குறையை மறைக்காமல் சொல்லி விற்பதே நமக்குக் கற்பிக்கப்பட்ட வியாபார ஒழுக்கம்.

இதனால் விற்பனை குறையும் என்று அஞ்ச வேண்டாம். வால்வும் யூனியனும் விற்கும் பொருட்களே. வருடத்துக்கு ஒருமுறை ஹீட்டர் துப்புரவு என்று ஒரு சேவையைத் தொடங்கினால் தொழில் பழகிய இரண்டு இளைஞர்களுக்கு வேலை கிடைக்கும். 2024இல் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. ஆயினும் கிணற்றை நம்பியிருக்கும் வீடுகள் இன்னும் அநேகம். ஆகவே இந்தச் சேவைக்குத் தேவை நீடிக்கும்.

1990 ஒக்டோபரில் கடைகளையும் வீடுகளையும் விட்டு வெளியேற்றப்பட்ட சமூகம் நாம். திரும்பி வந்து சோனகத் தெருவிலும் ஐந்து சந்தியிலும் மீண்டும் கடை திறந்தவர்களுக்கு வங்கிக் கடனை விடப் பெரிய முதல், வாடிக்கையாளரின் நம்பிக்கை. “அந்தக் கடையில் உள்ளதைச் சொல்லித் தருவார்கள்” என்ற பெயரைச் சம்பாதிக்கப் பல வருடங்கள் ஆகும். இழப்பதற்கோ ஒரு ஹீட்டர் போதும்.